ஆபீசுக்குப் போனவள்

சுகிர்தம் டீச்சரை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் காலை சரியாக ஒன்பதரை மணிக்கு, முள்ளிச்செவல் பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கிளப்ப விசில் ஊதப்போன கண்டக்டர் அய்யாத்துரை, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, விறைப்பாக நிமிர்ந்து நின்று, பத்து வயதுப் பையனின் கீச்சுக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றான். அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவன் சொல்லி முடித்ததும் எதிர்ச்சாரிச் சலூனில் ஒருவருடைய தாடையில் கத்தி வைத்திருந்த ஆவுடைநாயகம் கத்தியை மேலே தூக்கிப் பிடித்தபடி "உள்ளேன் டீச்சர்" என்றான். அடுத்து ரேஷன் கடை வரிசையில் நின்ற இசக்கிமுத்து. அடுத்து, துபாயில் காலை எட்டு மணிக்குக் கட்டடத்தின் பதினேழாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த எட்டப்பன்; அவன் அன்றைக்கே போன் செய்து அழுதான்.

வரிசையில் மொத்தம் ஐம்பத்திரண்டு பேர். ஆதிமூலம் நடுநிலைப் பள்ளியில் ஒரே வருடம் சுகிர்தம் டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். முதலில் இருபத்தெட்டு ஆண்கள், பிறகு இருபத்து நான்கு பெண்கள், பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி, பதிவேட்டில் இருக்கிற மாதிரியே. கூப்பிடும் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பதில் மட்டும் வாயிலிருந்து வந்தது. நான் சீனிராஜ், பதினோராம் எண். ஊருக்குள் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். சாவு, சடங்கு, தேர்தல், கோயில் கொடை என்று முள்ளிச்செவலில் எது நடந்தாலும் என் குரலில்தான் நடக்கும். அன்றைக்கு ஆம்ப்ளிபயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் திருப்புளியோடு எழுந்து நின்று சொன்னேன்.

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள் சிரித்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும், அதைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோட்டைச்சாமி டீக்கடையில் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "எட்டாம் நம்பர் சொல்லிட்டானா? அப்ப பாங்க் திறந்திருக்கும்" என்று எழுந்து போனார்கள். அய்யாத்துரையின் வண்டி ஒன்பது முப்பத்தொன்றுக்குப் புறப்படும் என்று டெப்போவில் பலகையை மாற்றி எழுதினார்கள். சலூனில் ஒன்பதேகாலுக்கு மேல் சவரத்துக்கு யாரும் உட்காரவில்லை. மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் வந்து எல்லோருடைய தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களில் ஏழு பேர் செத்துப்போயிருந்தார்கள். அவர்களுடைய முறை வரும்போது ஒரு மூச்சு அளவுக்கு ஊரே அமைதியாகும், பிறகு அடுத்த எண் பதில் சொல்லும். இருபத்தாறாம் எண் வேலுச்சாமியின் மனைவி தினமும் அந்த ஒரு மூச்சுக்காகவே வாசலில் வந்து நின்றாள்.

ஆனால் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு அமைதி வரவில்லை. அது மாடத்தியின் எண். மாடத்தி அந்த வருடமே, பத்து வயதில், தீயில் கருகிச் செத்தவள். அவளுக்கு மட்டும் பதில் வந்தது. மெலிந்த, கடைசி எழுத்தை லேசாக இழுக்கிற பெண்பிள்ளைக் குரல், கடைவீதிப் பக்கம் எங்கிருந்தோ வந்தது. அதைக் கேட்ட பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது என் வாயிலிருந்து வந்தது.

தினமும் என் முறை முடிந்ததும் நான் ஜெனரேட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மோட்டாரைப் போடுவேன். எல்லாச் சத்தத்தையும் விழுங்குகிற அந்த மோட்டாருக்கு அவளுடைய குரலை மட்டும் விழுங்கத் தெரியவில்லை.

டீச்சருடைய பெட்டியைத் திறந்தது பூரணம். மாடத்தியின் தங்கை. சொந்தக்காரர் என்று யாரும் வராத டீச்சருக்குக் கடைசிப் பத்து வருடம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். பெட்டி மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டில் டீச்சரின் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து: 'வகுப்பில் பறிமுதல் செய்தவை. திருப்பித் தர வேண்டும்.' உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, எந்தப் பாடத்தின்போது பிடுங்கியது என்கிற குறிப்பு. அய்யாத்துரைக்கு ஒரு தகர விசில். ஆவுடைநாயகத்துக்குப் பல் உடைந்த சீப்பு. இப்போது பஸ் ஸ்டாண்டில் இட்டிலி விற்கும் முப்பிடாதிக்கு ஏழு புளியங்கொட்டை. பள்ளித் தாளாளரும் பனங்காடை மார்க் தீப்பெட்டி முதலாளியுமான ஆதிமூலத்தின் மகன் நவநீதனும் எங்களோடுதான் படித்தான். அவனுக்கு, சாய்த்தால் உள்ளே கப்பல் நகரும் வெளிநாட்டுப் பேனா. எல்லோரும் வந்து வாங்கிக்கொண்டார்கள், சிரித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பொட்டலங்களுக்கு அடியில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. உலர்ந்துபோன சிவப்பு மைக்கூடு. வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு. ஒரு பச்சை ரிப்பன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய நூற்றுப் பன்னிரண்டு தபால் ஒப்புகை அட்டைகள், கல்வி அதிகாரியிலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் வரை டீச்சர் எழுதிய மனுக்கள் போய்ச் சேர்ந்ததற்கான அட்டைகள். பதில் ஒன்றுகூட இல்லை. கடைசியாக அந்தப் பதிவேடு. பள்ளிக்கூடம் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட, கடலை வண்டிக்காரன் ஜூலை வரை கிழித்துப் பொட்டலம் மடித்திருந்த நிலையில் டீச்சர் அதை மீட்டிருக்கிறார். அதில் ஆகஸ்ட் மாதத்து ஒரு தேதியில், மாடத்தி பெயருக்கு நேரே, காலை வருகைக்கான சாய்கோட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'வரவில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவருக்கு வேலை போனது. அரசாங்கப் பதிவேட்டைத் திருத்தியது குற்றம். ஊர் அவருக்குச் செவப்பு மை டீச்சர் என்று பெயர் வைத்தது. யாரிடமோ கைநீட்டி வாங்கிக்கொண்டு முதலாளியை மாட்டிவிடப் பார்த்தாள் என்று பேசியது. அவரிடம் டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர் ஊரை விட்டுப் போகவும் இல்லை. தையல் மிஷின் வாங்கிப் போட்டு, தன்னைத் துரத்திய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தார். என் மகளுக்கும் தைத்தார். அளவெடுக்கும்போது என் மகளிடம், "உங்கப்பா நல்லாக் குரல் மாத்திப் பேசுவான், தெரியுமா?" என்று கேட்டாராம். மகள் வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டேன்.

ஆமாம். எனக்கு எல்லாக் குரலும் வரும். தலைமையாசிரியர் குரலில் நான் "ஏய், சத்தம் போடாதே" என்றால் அடுத்த வகுப்பும் அடங்கும். மாடத்தி வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள். வராத நாட்களில் அவளுக்கும் சேர்த்து நான் 'உள்ளேன்' சொல்வேன், மறுநாள் அவள் எனக்குத் தீப்பெட்டிப் படம் கொண்டுவந்து தருவாள், ஒட்டுவதற்கு முந்தைய புத்தம் புதிய படம், நீலச் சிறகை விரித்த பனங்காடை. ஐம்பத்திரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்த அறையில் டீச்சர் தலை குனிந்து வேகமாகப் பெயர் வாசிப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். வகுப்பே வாயைப் பொத்திச் சிரிக்கும்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனி என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். வெறுமனே 'ஆபீஸ்' என்றாலும் அதுதான். விடிகாலையில் ஆபீஸ் வண்டி வந்து ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். "உன் தங்கச்சி எங்கேட்டி?" "ஆபீசுக்குப் போயிருக்கா." இது எங்களுக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள் என்பது போல.

அன்றைக்கு ஒன்பதரைக்கு நான் அவளுக்கும் சேர்த்து 'உள்ளேன்' சொன்னேன். பதினோரு மணிக்கு ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் தீப்பிடித்தது. மதியம் அவளை அவளுடைய வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள், அம்மா குருவம்மா பற்றவைத்துவிட்டுப் போன ஸ்டவ் வெடித்தது என்று சொன்னார்கள். பிள்ளை காலையில் பள்ளியில் இருந்ததற்குப் பதிவேடு சாட்சி. அந்தச் சாய்கோடு சாட்சி. என் வாய் சாட்சி.

அன்று மாலையே டீச்சர் சிவப்பு மையால் திருத்தினார். மறுவாரம் விசாரணைக்கு மெட்ராசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் முதலாளி ஆதிமூலம், தலைமையாசிரியர், அதே ஆபீசில் போர்மேனாக இருந்த என் அப்பா, பாதி ஊர். அதிகாரி என்னைக் கூப்பிட்டு முதுகைத் தடவி, "தம்பி, அன்னைக்குக் காலையில மாடத்தி எங்கே இருந்தா?" என்று கேட்டார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். "ஆபீசுக்குப் போயிருந்தா சார்."

அவர் எழுதினார். எழுதியதை வாசித்தார்: "மாணவி தலைமையாசிரியர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தாள். சரிதானே?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அங்கிருந்த அத்தனை பேருக்கும் ஆபீஸ் என்றால் என்னவென்று தெரியும். அந்த ஒரு மனிதருக்குத்தான் தெரியாது. "சார், அந்த ஆபீஸ் இல்லை" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். குருவம்மா அங்கே இல்லை, அவளை வரவிடவில்லை. டீச்சர் எழுந்து நின்று, "அவன் சொல்றது தீப்பெட்டி ஆபீஸ்" என்றார். "நீங்க குற்றம் சாட்டப்பட்டவங்க, உட்காருங்க" என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

பத்து வயது, பயம், அப்பா என்று எனக்கு நானே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த வார்த்தையை நான் தெரியாமல் சொன்னேனா, அல்லது அது தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் என்று தெரிந்தே, உண்மையும் சொன்ன மாதிரி ஆகட்டும், தப்பித்த மாதிரியும் ஆகட்டும் என்று சொன்னேனா? அந்தப் பையனை இழுத்து நிறுத்திக் கேட்கிறேன். அவன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான். இருபது வயதில், முப்பதில், நாற்பதில் எனக்கு எந்த அப்பா இருந்தார்?

என் பொட்டலத்தில் பதினாலு பனங்காடைப் படங்களும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'கணக்குப் பாடத்தின்போது பறிமுதல். கொடுத்தது மாடத்தி. எதற்கு என்று அவள் போன பிறகு புரிந்தது. நான் தலை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். சீனிராஜ் அவனாகச் சொல்லட்டும்.'

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். தெரிந்திருக்கிறது. விசாரணையில் என்னைக் கைகாட்டியிருந்தால் வேலை தப்பியிருக்கும். காட்டாமல், தினமும் என் கடை வாசலைக் கடந்து தையல் துணியோடு போய்க்கொண்டே, நாற்பத்து மூன்று வருடம் காத்திருக்கிறார். யார் கேட்டார்கள் அந்தப் பெருந்தன்மையை? காதைப் பிடித்துத் திருகியிருக்கலாமே டீச்சர். ஒரு அறை அறைந்திருக்கலாமே.

இதற்குள் ஊர் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. கன்னியாகச் செத்த பிள்ளை பேசுகிறது என்றால் எங்கள் பக்கம் சாமியாக்கிப் பீடம் போடுவார்கள். நவநீதன் தானே முன்வந்தான். அவன் பத்தொன்பதாம் எண். தினமும் ஒன்பதரைக்குக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சொல்லுகிறவன். ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைக் கொடுத்து, கறுப்புக் கல்லில் வாசகமும் வெட்டச் சொன்னான்: 'பள்ளி சென்று திரும்பி, வீட்டு அடுப்புத் தீயில் தெய்வமான கன்னி மாடத்தி.'

"ஏலே சீனி, வெள்ளிக்கிழமை ஒன்பதரை டு பத்தரை நல்ல நேரம்" என்றான் கடைக்கு வந்து. "சரியா அவ 'உள்ளேன்'னு சொல்லுத நேரத்துல திரை விலகணும். நாலு பக்கமும் குழாய் கட்டிரு. சாமி சொல்லுதது பக்கத்து ஊருக்கும் கேக்கணும்."

"சரி முதலாளி" என்றேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனை.

வியாழக்கிழமை காலை பூரணம் வந்தாள். ஒன்பதே கால் இருக்கும்.

"பீடத்துக்கு நீங்கதான் மைக் கட்டுதீங்களாமே அண்ணே."

"ஆமா பூரணம்."

"கல்லுல எழுதியிருக்கத வாசிச்சீங்களா?"

நான் ஒயரைச் சுருட்டினேன்.

"எங்க வீட்டுல ஸ்டவ்வே கிடையாதுண்ணே. அன்னைக்கும் கிடையாது, இன்னைக்கும் கிடையாது. விறகடுப்புதான். வெடிச்ச ஸ்டவ்வுன்னு போலீசு எடுத்துட்டுப் போனதை முதலாளி வீட்டு ஆளுதான் சாக்குல கொண்டாந்து போட்டான். தெருவே பாத்துச்சு. எங்கம்மா சாகுத வரைக்கும் ஊரு அவளை என்ன சொல்லிச்சு? பிள்ளையைக் கொளுத்துனவ. கல்யாண வீட்டுல அவளை அடுப்புப் பக்கம் விடமாட்டாங்க. இப்ப அதைக் கல்லுல வெட்டி, அதுக்குச் சூடம் வேற காட்டப்போறீங்க."

"நான் வெறும் மைக்செட்டுக்காரன் பூரணம்."

"எங்கக்கா சாமியா வந்து 'உள்ளேன்' சொல்லுதாளாம். அவ பள்ளிக்கூடத்துக்குப் போனதே எண்ணி நாலு நாளு. செத்தப்புறம் எதுக்கு அங்க போயி உக்காரப்போறா? எந்த வாயி அது? எனக்குத் தெரியணும்."

மணி ஒன்பதரை ஆனது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அய்யாத்துரையின் குரல் கேட்டது. என் முறை வந்தது, சொன்னேன். ஜெனரேட்டர் அறைப் பக்கம் நகர்ந்தேன். அவள் குறுக்கே வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். முப்பது பேர் சொல்லும் நேரம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு என் வாய் திறந்தது. அவளுடைய அக்காவின் குரல் அவளுடைய முகத்துக்கு முன்னால், என் நரைத்த மீசைக்குக் கீழேயிருந்து வந்தது.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அவ குரல்ல பேசத் தெரிஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. "அவளுக்காகப் பேசத் தெரியல." ஒயரைத் தாண்டி இறங்கிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பீடத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. நாலு திசைக்கும் குழாய் கட்டியிருந்தேன். நவநீதன் பட்டு வேட்டியில் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூரணம் கூட்டத்துக்கு வெளியே, ஆபீஸ் காம்பவுண்டுச் சுவரோரம். ஒன்பதரைக்கு வரிசை தொடங்கியது. அய்யாத்துரை, ஆவுடைநாயகம், இசக்கிமுத்து. எட்டப்பனின் முறையில் துபாய் அளவுக்குத் தூரமான ஒரு அமைதி. நான் என் பதிலை மைக்கில் சொன்னேன், கூட்டம் கை தட்டியது. நவநீதன் சொன்னான். செத்தவர்களின் மூச்சுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பெண்கள் தொடங்கினார்கள். நாற்பது முடிந்தது. கூட்டம் கைகளைத் தலைக்கு மேல் குவித்தது.

அந்தக் குரல் என் நெஞ்சிலிருந்து ஏறி வந்தது. பற்களைக் கடித்தேன். நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. அது வெளியே வரத் துடித்தது, நான் விடவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக யாருடைய குரலையும் எடுக்காமல், கரகரத்த, அசிங்கமான, ஐம்பத்து மூன்று வயதுக் குரலில் மைக்கில் சொன்னேன்:

"மாடத்தி வரலை டீச்சர். ஆபீசுக்குப் போயிருக்கா."

கைகள் தலைக்கு மேலேயே நின்றன.

"தலைமையாசிரியர் ஆபீசுக்கு இல்ல. தீப்பெட்டி ஆபீசுக்கு. இந்தா, இந்தச் சுவத்துக்குப் பின்னால இருக்க ஆபீசுக்கு. மருந்து முக்குத ரூமுல கருகுனா. குருவம்மா வீட்டுல ஸ்டவ்வு கிடையாது. அவளுக்குப் பதிலா 'உள்ளேன்' சொன்னது நான். உங்க எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்னா என்னன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏலே, மைக்கை அணைங்கடா!" என்று நவநீதன் கத்தியதும் நாலு குழாயிலும் கேட்டது. எப்படி அணைப்பது என்று என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

சாமி காரியத்தைக் கெடுத்தவன் என்று இப்போது என்னை யாரும் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை. கோட்டைச்சாமி எனக்கு டீ வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. "நாப்பத்து மூணு வருசத்துக்கு முந்துன கேசு, எவனும் எதுவும் புடுங்க முடியாது" என்று நவநீதன் சொல்லிக்கொண்டு திரிகிறான். உண்மைதான். ஆபீஸ் நடக்கிறது. திரை விலகாத கல்லின் முன்னால் பூரணம் மட்டும் மறுநாள் போய், திரையை ஒதுக்கி, டீச்சரின் உலர்ந்த மைக்கூட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 'வீட்டு அடுப்பு' என்பதை விரலால் அடித்துவிட்டு, மேலே 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று எழுதினாள். மழை பெய்தும் அது அழியவில்லை.

காலை ஒன்பதரைக்கு இப்போதும் எல்லோரும் பதில் சொல்கிறோம். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு இப்போது அமைதி. முதல் நாள் அது மற்றச் செத்தவர்களுடையதைப் போல ஒரு மூச்சு அளவுதான் இருந்தது. மறுநாள் இரண்டு மூச்சு. பிறகு ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போகிற அளவு. அது முடிகிறவரை ஊரில் யாராலும் ஒரு சொல் பேச முடிவதில்லை. நாற்பத்திரண்டாம் எண்ணான முப்பிடாதி இட்டிலிக் கரண்டியோடு வாயைத் திறந்தபடி நிற்கிறாள். பாங்கில், சலூனில், நவநீதனுடைய காரில், ஆபீசில், எல்லோரும் நாக்கு ஒட்டிப்போய் நிற்கிறார்கள். பழகிவிடலாம் என்று பார்க்கிறார்கள். பழகுவதற்குள் அது நீண்டுவிடுகிறது.

பூரணம் தினமும் அந்த நேரத்தில் தன் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் கேட்டை நோக்கி நடக்கத் தொடங்குகிறாள். பத்து வயதுப் பிள்ளையின் நடை வேகத்தில், அளந்து பார்க்கிறாள். நேற்று அவள் கேட்டைத் தொட்ட பிறகுதான் முப்பிடாதிக்கு வாய் வந்தது.

மாடத்தி போய்ச் சேரும் அளவுக்கு அமைதி நீண்டுவிட்டது. திரும்பி வரும் நேரம் இன்னும் பாக்கி இருக்கிறது.